கணினி கூறும் முதலீட்டு ஆலோசனை

சில காலத்துக்கு முன் எனக்கு ஒரு கடிதம் வந்தது. கனடாவின் ரொறன்ரோ நகரிலே தாதியாகப் பணிபுரியும் என் பெறாமகள் எழுதியது. "சித்தப்பா, பதினொரு வருட உழைப்பில் முப்பதாயிரம் டொலர் சேர்த்திருக்கிறேன். அதனை ஒரு தானியங்கு முதலீட்டு ஆலோசனைச் சேவையிடம் ஒப்படைக்க எண்ணுகிறேன். பத்து நிமிடத்திலே பத்துக் கேள்விகள் கேட்டு, 'உனது பணத்தில் எண்பது வீதத்தைப் பங்குகளிலும் இருபது வீதத்தை முறிகளிலும் இடுக' என்று அது சொல்லிவிட்டது. நீங்கள் முப்பது வருடம் வங்கியில் இருந்தவர். இதை நம்பலாமோ?" என்று கேட்டிருந்தாள்.

இக்கேள்வி அவள் ஒருத்திக்கு மட்டும் உரியதன்று. நம் முன்னோர் கையிலே நாலு காசு சேர்ந்தால் நகை செய்வித்தனர், காணி வாங்கினர், சீட்டுக் கட்டினர், பின்னர் வங்கியில் வைப்புச் செய்தனர். எதனைச் செய்வதாயினும் முன்னதாக ஊரிலுள்ள ஒரு பெரியவரைக் கேட்டனர். அப்பெரியவர் யார், அவருக்கு இதனால் இலாபம் உண்டா, அவர் சொற்கேட்டு முன்பு கெட்டவர் உளரா என்பனவெல்லாம் ஊருக்குத் தெரியும். இன்று அந்தப் பெரியவரின் இடத்திலே ஒரு கணினி அமர்ந்திருக்கின்றது. அதன் குணம் எத்தகையது என்பதை எவ்வாறு அறிவது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இச்சேவை யாது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஐக்கிய அமெரிக்காவிலே 2008 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியை அடுத்து இது தோன்றியது. நியூயோர்க் நகரின் பெற்றர்மென்ற் என்னும் நிறுவனம் 2010 ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் தன் சேவையைத் திறந்தது. கலிபோர்ணியாவின் வெல்த்புறொன்ற் நிறுவனம் அடுத்த ஆண்டிலே அதனைத் தொடர்ந்தது. இலண்டனிலே நட்மெக் 2012 ஆம் ஆண்டிலும், ரொறன்ரோவிலே வெல்த்சிம்பிள் 2014 ஆம் ஆண்டிலும் கடை விரித்தன. பத்திரிகையாளர் இவற்றுக்கு 'றோபோ ஆலோசகர்' என்று பெயரிட்டனர். பெயரைக் கேட்டு மயங்க வேண்டியதில்லை. அங்கே இயந்திர மனிதன் ஒருவனும் இல்லை. முன்கூட்டியே எழுதிவைத்த விதிகளின்படி கணக்குப் பார்க்கும் ஒரு கணினி நிரலே உண்டு.

அவ்விதிகளும் புதியனவல்ல. ஒரே கூடையில் எல்லா முட்டைகளையும் இடாதே என்பது பாமரரும் அறிந்த புத்தி. எத்தனை கூடைகள், ஒவ்வொன்றிலும் எத்தனை முட்டைகள் என்பதைக் கணிதத்தால் வகுத்துக் காட்டியவர் ஹரி மார்க்கோவிற்ஸ் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர். அவருடைய கட்டுரை 1952 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்காக 1990 ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். சந்தையிலுள்ள பங்குகளை வென்றுவிடலாம் என்று முயலாது, சந்தை முழுவதையும் சிறுசிறு அளவில் வாங்கி வைத்திருக்கும் 'சுட்டெண் நிதியம்' என்ற முறையைச் சாதாரண மக்களுக்கு 1976 ஆம் ஆண்டில் திறந்துவிட்டவர் வான்காட் நிறுவனத்தின் தலைவர் ஜோன் போகிள். இவ்விருவரின் கருத்துகளையும் இணைத்து, கணினியில் ஏற்றி, கைத்தொலைபேசி வழியே விற்பதுதான் தானியங்கு ஆலோசனை.

சேவையிற் சேருபவரிடம் வயது, வருமானம், பணம் எப்போது தேவைப்படும், சந்தை வீழ்ந்தால் என்ன செய்வீர் என்பன போன்ற கேள்விகள் கேட்கப்படும். விடைகளைக் கொண்டு பங்குகளுக்கு இவ்வளவு, முறிகளுக்கு இவ்வளவு என்று கணினி பங்கிடும். பங்குகளின் விலை ஏறி அவற்றின் விகிதம் கூடிவிட்டால் சிறிது விற்று முறிகளை வாங்கும். இறங்கினால் மறுதலையாகச் செய்யும். மனிதனுக்குள்ள பயமும் பேராசையும் அதற்கு இல்லை. அன்றியும், இலட்சக்கணக்கில் பணமுள்ளவருக்கே கதவு திறந்த ஆலோசகர்கள் இருந்த நாட்டிலே, சில நூறு டொலர் உடையவனுக்கும் ஒழுங்கான ஒரு திட்டம் கிடைக்கச் செய்தது இச்சேவையே. இந்த நன்மைகளை மறைப்பது நேர்மையன்று.

ஆயினும் நன்மை உண்டு என்பதனால் ஆராயாது ஒப்படைத்துவிடலாமா? சேவை காட்டும் இலாபக் கணக்கை வைத்து அதனை அளத்தல் கூடாது என்று பெறாமகளுக்கு முதலில் எழுதினேன். 2010 ஆம் ஆண்டு தொடங்கி 2021 ஆம் ஆண்டு வரை அமெரிக்கப் பங்குச் சந்தை பெரும்பாலும் ஏறுமுகமாகவே இருந்தது. வெள்ளம் ஏறும்போது எல்லாப் படகும் ஏறும்; அதனைப் படகோட்டியின் திறமை எனல் ஆகாது. இலாபத்தை விடுத்து, நான்கு கேள்விகளைக் கேட்குமாறு அவளுக்குச் சொன்னேன்.

முதலாவது கேள்வி: இச்சேவை எவ்வழியால் உழைக்கின்றது?

அவள் தெரிந்தெடுத்த சேவையின் கட்டணம் ஆண்டுக்கு நூற்றுக்கு அரை. அது வாங்கும் நிதியங்களும் தமக்கெனச் சிறிது எடுத்துக்கொள்ளும். அது நூற்றுக்கு 0.2 என்க. இரண்டும் சேர்ந்து 0.7. கனடாவிலே பரஸ்பர நிதியங்களிற் பணம் இட்டோர் நூற்றுக்கு 2 அளவிலே கொடுத்து வந்தமை பழைய வழக்கம். இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத தூசு போல் தோன்றும். பத்தாயிரம் டொலரை முப்பது வருடத்துக்கு விட்டு வைப்பதாகவும், கட்டணத்துக்கு முன் ஆண்டுதோறும் நூற்றுக்கு 6 வளர்வதாகவும் வைத்துக்கொள்வோம். கட்டணமே இல்லையெனில் அது ஏறக்குறைய 57,430 டொலராகும். நூற்றுக்கு 0.7 கழிந்தால் 47,080. நூற்றுக்கு 2 கழிந்தால் 32,430. பின்னிரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு 14,650 டொலர். முதலில் இட்ட பணத்திலும் பார்க்க இது பெரிது. குறைந்த செலவே தானியங்கு சேவையின் உண்மையான பலம் என்பது இதனால் விளங்கும்.

எனினும் கட்டணத்தின் வடிவத்தையும் பார்த்தல் வேண்டும். மாதம் 4 டொலர் என்று ஒரு சேவை விதித்தால், இலட்சம் டொலர் உடையவனுக்கு அது ஒன்றுமில்லை. ஆயிரம் டொலர் உடையவனுக்கோ வருடத்துக்கு 48 டொலர், அதாவது நூற்றுக்கு 4.8. ஏழைக்கென்று சொல்லப்பட்ட சேவை ஏழையிடமே கூடுதலாக வாங்கும் நிலை அங்கே உண்டாகின்றது.

'கட்டணமே இல்லை' என்று ஒரு சேவை சொன்னால் இன்னும் ஊன்றிப் பார்த்தல் வேண்டும். அமெரிக்காவின் பெரிய தரகு நிறுவனங்களுள் ஒன்றான சாள்ஸ் சுவாப் 2015 ஆம் ஆண்டில் ஆலோசனைக் கட்டணம் எதுவும் இல்லாத தானியங்கு சேவையைத் தொடங்கியது. வாடிக்கையாளர் பணத்தில் நூற்றுக்கு 6 முதல் 29.4 வரையான பகுதி பங்கிலும் முறியிலும் இடப்படாது, ரொக்கமாகவே வைக்கப்பட்டது. அந்த ரொக்கம் அந்நிறுவனத்தைச் சார்ந்த வங்கிக்குச் சென்றது. வங்கி அதனைக் கூடிய வட்டிக்குக் கொடுத்து, வாடிக்கையாளருக்குக் குறைந்த வட்டி கொடுத்து, இடைப்பட்டதை இலாபமாக்கிக் கொண்டது. பெரும்பாலான சந்தை நிலைகளில் இந்த ரொக்கம் வாடிக்கையாளரின் வருவாயைக் குறைக்கும் என்பதை நிறுவனத்தின் சொந்தக் கணிப்புகளே காட்டின என்று அமெரிக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிப்படுத்தியது. குற்றத்தை ஒப்பாமலும் மறுக்காமலும் நிறுவனம் 187 மில்லியன் டொலர் கொடுத்து விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டது. கடைக்காரன் விலை கேட்காமற் பொருள் தந்தால், அவன் எதனை எடுத்துக்கொண்டான் என்று நம் மடியைத் தடவிப் பார்க்க வேண்டும் அன்றோ?

இரண்டாவது கேள்வி: இச்சேவை உன்னிடம் எதனைக் கேட்டது? எதனைக் கேட்கவில்லை?

இதற்கு விடை எழுதுமாறு பெறாமகளிடம் கேட்டேன். அவள் எழுதிய பதிலே என்னை இப்பேச்சுக்குத் தூண்டியது எனலாம். "பணம் எதற்கு?" என்று கணினி கேட்டபோது "ஓய்வுகாலத்துக்கு" என்று குறித்திருக்கிறாள். உண்மையும் அதுதான்; ஆனால் முழு உண்மை அன்று. மூன்று வருடத்திலே ஒரு சிறு வீடு வாங்க வேண்டும் என்பதும் அவள் எண்ணம். முற்பணமாக இருபதாயிரம் டொலர் அதிலிருந்தே போகும். யாழ்ப்பாணத்திலிருக்கும் தாயாருக்கு மருத்துவச் செலவு எந்த மாதத்திலும் வரக்கூடும். இவற்றுக்கு மேலாகக் கடனட்டையிலே நாலாயிரம் டொலர் கடன் இருந்தது. வட்டி நூற்றுக்கு 20 அளவில். கடன் உண்டா என்று கணினி கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இங்கே கணக்கு மிக எளிது. நாலாயிரம் டொலருக்கு நூற்றுக்கு 6 வருமானம் கிடைத்தால் வருடத்துக்கு 240 டொலர் வரும். அதே நாலாயிரம் கடனுக்கு அவள் கட்டும் வட்டி வருடத்துக்கு 800 டொலர். உலகத்திலுள்ள எந்த முதலீட்டு நிபுணனும் அவளுக்கு உறுதியாகத் தரமுடியாத இலாபத்தை, கடனை அடைப்பதனால் அவளே தனக்குத் தந்துகொள்ளலாம். கணினி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குக் கொடுத்த விடையை வைத்துச் சரியாகவே கணக்குப் பார்த்தது. முகத்தைப் பார்த்து, "பிள்ளை, வேறு ஏதும் கடன் தனி இருக்கோ?" என்று கேட்கும் வழக்கம் மட்டும் அதற்கு இல்லை. ஆதலின், அது கேட்காத கேள்விகளை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்றாவது கேள்வி: சந்தை வீழும் நாளிலே என்ன நடக்கும்?

2020 ஆம் ஆண்டிலே, பெப்ரவரி 19 இலிருந்து மார்ச் 23 வரையான ஐந்து வார காலத்துக்குள், அமெரிக்காவின் ஐந்நூறு பெருங் கம்பனிகளின் பங்கு விலைச் சுட்டெண் நூற்றுக்கு 34 அளவில் வீழ்ந்தது. முறிகள் அசையாது நின்றன என்று வைத்துக்கொண்டாலும், எண்பதுக்கு இருபது என்னும் திட்டத்திலே முப்பதாயிரம் டொலரில் எண்ணாயிரத்துக்கு மேல் அத்தகைய வீழ்ச்சியில் மறைந்துவிடும். அவ்வீழ்ச்சி அதே ஆண்டிலேயே நிமிர்ந்தது என்பது உண்மை. ஓய்வுகாலத்துக்கு முப்பது வருடம் இருப்பவருக்கு அது ஒரு மழைநாள். அடுத்த மாதம் வீட்டுக்கு முற்பணம் கட்ட வேண்டியவருக்கோ அது இடிவிழுந்த நாள்.

முறிகளும் எப்போதும் அசையாது நிற்பன அல்ல. வட்டி வீதங்கள் வேகமாக உயர்ந்த 2022 ஆம் ஆண்டிலே அமெரிக்கப் பங்குகள் நூற்றுக்கு 18 அளவிலும், முறிகள் நூற்றுக்கு 13 அளவிலும் ஒருங்கே இறங்கின. ஒன்று தாழ மற்றொன்று தாங்கும் என்று எதிர்பார்த்திருந்தவர்களுக்கு அவ்வாண்டு ஒரு பாடம். 'வீழ்ந்தால் விற்கமாட்டேன்' என்று கேள்விப் பத்திரத்திலே குறி இடுவது எளிது. விரல்நுனியிலே விற்கும் பொத்தான் இருக்கையில், நள்ளிரவிலே அதனை அழுத்தாதிருப்பது எளிதன்று. கணினிக்குப் பயம் இல்லை. அதன் வாடிக்கையாளருக்கு உண்டு.

நான்காவது கேள்வி: சொன்னதைச் செய்கின்றதா, செய்யாவிடின் பொறுப்பாளி யார்?

அமெரிக்காவில் நட்டத்திலுள்ள நிதியத்தை விற்று, அந்நட்டத்தைக் காட்டி வருமான வரியைக் குறைக்கும் உபாயம் ஒன்று உண்டு. விற்றதையே முப்பது நாளுக்குள் திரும்ப வாங்கினால் அச்சலுகை செல்லாது. இத்தகைய கொள்வனவு நிகழாதவாறு கணக்குகளைக் கண்காணிப்பதாக வெல்த்புறொன்ற் கூறியிருந்தது. அவ்வாறு கண்காணிக்கவில்லை என்றும், இவ்வுபாயத்திற் சேர்ந்த கணக்குகளுள் குறைந்தது நூற்றுக்கு 31 இல் அது நிகழ்ந்தது என்றும் ஆணைக்குழு 2018 ஆம் ஆண்டில் கண்டது. அபராதம் 250,000 டொலர். பெற்றர்மென்ற் நிறுவனம் இதே உபாயத்துக்காகக் கணக்குகளை நாள்தோறும் பார்ப்பதை விட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் பார்க்கும்படி நிரலை மாற்றியது. வாடிக்கையாளருக்கு அதனைத் தெரிவிக்கவில்லை. நிரலிலே பிழைகளும் இருந்தன. இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட கணக்குகள் பாதிக்கப்பட்டு, ஏறக்குறைய 4 மில்லியன் டொலர் வரிச்சலுகை இழக்கப்பட்டது. 2023 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் 9 மில்லியன் டொலர் செலுத்தியது.

இவற்றால் நாம் அறிவது யாது? கணினி தவறாது என்பது உண்மையன்று. மனிதன் எழுதிய விதியை அது தவறாது செய்யும். மனிதன் எழுதிய பிழையையும் அவ்வாறே தவறாது செய்யும். ஒரு மனித ஆலோசகரின் தவறு அவரிடம் வந்த சிலரைக் கெடுக்கும். நிரலிலுள்ள தவறோ ஒரே இரவில் ஆயிரக்கணக்கானோரைத் தொடும். நல்ல செய்தி என்னவெனில், மேற்கூறிய மூன்றும் வெளிவந்தமைக்குக் காரணம் சட்டமும் கண்காணிக்கும் அதிகாரமும் அங்கே இருந்தமையே. அமெரிக்காவின் 1940 ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் சட்டம் கணினியின் பின்னாலுள்ள நிறுவனத்தையும் கட்டுப்படுத்துகின்றது. கனடாவிலும் இத்தகைய சேவை நடத்துவோர் பதிவுபெற்றிருத்தல் வேண்டும். பதிவுபெற்றவரா என்று எவரும் தேடிப் பார்க்கலாம். தரகு நிறுவனம் முறிந்து போனால் வாடிக்கையாளரின் உடைமைக்கு கனடாவிலே 1 மில்லியன் டொலர் வரையும், அமெரிக்காவிலே 500,000 டொலர் வரையும் காப்பு நிதியங்கள் உண்டு. சந்தை வீழ்ந்ததனால் வரும் நட்டத்துக்கு எந்த நாட்டிலும் இக்காப்புக் கிடையாது என்பதையும் மறக்கலாகாது.

சேவை மூடப்படவும் கூடும். அமெரிக்காவின் கோல்ட்மன் சக்ஸ் வங்கி 2021 ஆம் ஆண்டில் தொடங்கிய தன் தானியங்கு சேவையை 2024 ஆம் ஆண்டில் பெற்றர்மென்ற் நிறுவனத்துக்குக் கைமாற்றியது. ஆகவே, உள்ளே வரும் வழியைப் பார்ப்பதோடு வெளியே போகும் வழியையும் விசாரித்தல் நன்று. நிதியங்களை விற்காமலே வேறிடத்துக்கு மாற்றலாமா, அதற்குச் செலவு எவ்வளவு என்பதை முதல் நாளிலேயே கேட்டுவிட வேண்டும்.

நேயர்களே, இவ்வளவும் சொன்னமையால் மனித ஆலோசகரே மேல் என்று நான் கூறுவதாக எண்ணற்க. தரகுக் கூலிக்காகத் தகாத பத்திரங்களை முதியோர் தலையிற் கட்டிய மனிதர்களும் எந்த நாட்டிலும் உண்டு. மேற்சொன்ன நான்கு கேள்விகளும் மனிதருக்கும் கணினிக்கும் ஒன்றுபோலவே பொருந்தும்.

நம் நாட்டு நேயர்களுக்கு இன்னொன்று கூறவேண்டும். 'எங்கள் கணினி தானாகவே வியாபாரம் செய்யும்; மாதந்தோறும் நிச்சய இலாபம் தரும்; இன்னும் இருவரைச் சேர்த்தால் மேலும் தருவோம்' என்று சொல்லுகின்றவை ஆலோசனைச் சேவைகளே அல்ல. ஆளைச் சேர்த்து ஆளுக்குப் பணம் கொடுக்கும் பிரமிட் திட்டங்கள் இலங்கையின் வங்கித்தொழிற் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. மத்திய வங்கி அவற்றைக் குறித்துப் பலமுறை எச்சரித்திருக்கின்றது. நேர்மையான தானியங்கு சேவை எதுவும் நிச்சய இலாபம் என்று சொல்லுவதில்லை. நட்டம் வரக்கூடும் என்பதை எழுத்திலே முதலிற் சொல்லும். இந்த ஒரே அடையாளத்தால் இரண்டையும் வேறு பிரித்தறியலாம்.

இனி, பெறாமகளுக்கு நான் எழுதிய விடையைச் சொல்லி முடிக்கின்றேன். "மகளே, நாலாயிரத்தைக் கொண்டு கடனட்டைக் கடனை இன்றே அடை. வீட்டுக்கென்ற இருபதாயிரத்தை வங்கியின் நிலையான வைப்பிலே வை. அது வளர்வதைக் காட்டிலும் இருப்பதே முக்கியம். அம்மாவின் செலவுக்கென மூவாயிரத்தை எப்போதும் எடுக்கக்கூடிய கணக்கிலே விடு. எஞ்சுவது மூவாயிரம். அதனை உன் ஓய்வுகாலத்துக்கென்று அந்தச் சேவையிடம் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை, அதன் கட்டணம் நியாயமானது, பதிவும் உண்டு. ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்து சிறிது அதிலே சேர்த்து வா. சந்தை வீழ்ந்தால் எனக்கு எழுது, பொத்தானைத் தொடாதே."

அவளிடமிருந்து பதில் வந்தது. "முப்பதாயிரம் என்று பெருமையாக எழுதினேன், சித்தப்பா. உண்மையில் என்னிடம் முதலிட இருந்தது மூவாயிரம்தான் என்பது இப்போதுதான் தெரிந்தது" என்று எழுதியிருந்தாள்.

தன்னிடம் உண்மையில் எவ்வளவு உண்டு, அது எதற்காக உண்டு என்பதை அறிந்தவருக்குக் கணினியும் நல்ல வேலைக்காரனாகும். அதனை அறியாதவருக்கு எத்தனை கெட்டிக்கார ஆலோசகர் வாய்த்தாலும் பயனில்லை. அந்தக் கணக்கைப் பார்க்க ஒரு தாளும் பென்சிலும் போதும், கட்டணமும் இல்லை.